மூன்றாம் எண்ணும் ஆறாம் எண்ணும்

ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு ஃபேனை நிறுத்தச் சொன்னேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஹாலில் ஓடும் பழைய சீலிங் ஃபேனின் இரைச்சலில், பியானோ ஒலி தேய்ந்து மறைகிற கடைசி முனை முழுக்க மூழ்கிப் போகும். விரல் எப்போது கட்டையில் விழுந்தது என்பது கேட்கும், எப்போது எடுக்கப்பட்டது என்பது கேட்காது. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது இரண்டாவது.

சாப்பாட்டு மேசையில் நோட்டும் பேனாவுமாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் லேப்டாப்போடு அவள். ஒரே சொனாட்டாவை, அதாவது ஒரே குட்டி இசைத் துண்டை, வெவ்வேறு பேர் வாசித்த எட்டு ஒலிப்பதிவுகளைப் பொறுக்கிக் கொடுத்திருந்தேன். எந்த வரிசையிலும் போடலாம், பெயர் மட்டும் சொல்லக் கூடாது, "ஒண்ணு", "ரெண்டு" என்று எண்ணைச் சொன்னால் போதும் என்பது ஏற்பாடு. நான் மார்க் போடுவேன். வருமான வரி வேலை பார்க்கிறவனுக்கு மார்ச் முடிந்தால் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். அந்த மூச்சை நான் இப்படிச் செலவழித்தேன்.

சொனாட்டா டொமெனிகோ ஸ்கார்லாட்டியுடையது. இ மேஜர் என்ற சுரக்கட்டில் அமைந்தது, பட்டியல் எண் கே. 380. பாஹ், ஹாண்டல் இருவரும் பிறந்த அதே 1685-ல் நேப்பிள்ஸில் பிறந்தவர் ஸ்கார்லாட்டி. லிஸ்பனில் போர்த்துகல் இளவரசி மரியா பார்பராவுக்கு வாத்தியாரானார். 1729-ல் அந்தப் பெண் ஸ்பெயின் பட்டத்து இளவரசரைக் கட்டிக்கொண்டு போனபோது பின்னாலேயே போய், 1757-ல் மாட்ரிட்டில் இறக்கும் வரை அங்கேயே இருந்துவிட்டார். எழுதியவை 555 சொனாட்டாக்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு, மிஞ்சினால் ஆறேழு நிமிடம். அநேகமாக எல்லாமே இரண்டு பாதிகள், ஒவ்வொரு பாதியையும் திருப்பி வாசிக்கச் சொல்லும் குறியோடு. அவர் கைப்பட எழுதிய பிரதி ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்கும் நகல்களிலும் எங்கே உரக்க, எங்கே மெதுவாக என்ற குறிப்பு ஏறக்குறைய கிடையாது.

ஒப்பிட்டுப் பார்க்க இவை இவ்வளவு ருசியாக இருப்பதற்குக் காரணமே அதுதான். ஒரு நீண்ட கான்செர்ட்டோவை ஐந்து பேர் வாசித்துக் கேட்டு முடிப்பதற்குள் முதல் ஆள் மறந்துபோவார். இங்கே அரை மணி நேரத்தில் எட்டுப் பேர். எழுதியவர் பாதியைச் சொல்லாமல் விட்டதால், மீதியை ஒவ்வொருவரும் தன் கைச்சரக்கால்தான் நிரப்பியாக வேண்டும்.

நான் இதில் விழுந்த கதை இது. நாற்பத்தொன்றாவது வயதில் பியானோ கற்றுக்கொள்ளப் போனேன். பெரம்பூரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், ஆங்கிலோ-இந்தியர், எழுபது தாண்டியவர். எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. ஐந்தாவது வருடம் கே. 380-ஐக் கொடுத்தார். ஆண்டாந்தே கொமோதோ, அதாவது அவசரமில்லாத நடை, விரல்களுக்குப் பெரிய சர்க்கஸ் எதுவும் கிடையாது, உனக்கு ஒத்துவரும் என்றார். நான் என்ன செய்தேன்? நோட்ஸை, அதாவது அச்சிட்ட சுரத் தாளை, திறப்பதற்கு முன்னால் ஆப்பைத் திறந்தேன். லிபாட்டி, ஹொரோவிட்ஸ், பொகொரெலிச், இன்னும் நாலைந்து பியானிஸ்டுகள். பஸ்ஸில், மாடிப்படியில், ஆபீஸ் பாத்ரூமில்கூட அதே சொனாட்டா. ஒரு மாதம் கழித்து வாசித்துக் காட்டியபோது மிஸ் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"என்ன மேன் இது? அஞ்சு வீட்டுக் குழம்ப ஒரே சட்டியில ஊத்தினாப்ல இருக்கு."

உண்மைதான். தொடக்கத்துக்கு ஒருவருடைய மென்மை, ட்ரில்லுக்கு (பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை வேகமாக மாற்றி மாற்றித் தட்டுவது) இன்னொருவருடைய பளபளப்பு, முடிவுக்கு மூன்றாமவருடைய இழுவை. ஒவ்வொன்றும் அங்கங்கே அழகு. சேர்த்தால் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. இனிமேல் ரெக்கார்டிங்கே கேட்காதே என்று அவர் சொல்லியிருந்தால் அந்தக் கதை அன்றோடு முடிந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. "கேக்கறதும் ஒரு பாடம்தான். நீ அத ஒழுங்கா படிக்கல" என்றார்.

அதனால்தான் அந்த ஃபேன் இல்லாத ஞாயிறு.

கே. 380 எப்படி இருக்கும் என்று கேட்காதவர்களுக்குச் சொல்ல முயல்கிறேன். தொடக்கத்தில் ட்ரில்லோடு குட்டி வாக்கியங்கள், சொன்னதையே மறுபடி சொல்லும். பிறகு தூரத்தில் ஊர்வலம் வருவதுபோல, கொம்பு ஊதுவதுபோல ஒரு தாளக்கட்டு, அது திரும்பத் திரும்ப வந்து நெருங்கும். இரண்டாம் பாதியில் அந்தக் கொம்பொலி வீட்டை விட்டுக் கிளம்பி எங்கெங்கோ அலைந்துவிட்டு இ மேஜருக்குத் திரும்பி வரும். அவ்வளவுதான். எதுவும் நடக்காததுபோல இருக்கும், ஆனால் கேட்டு முடித்ததும் ஒரு ஊரைக் கடந்து வந்ததுபோலவும் இருக்கும்.

எட்டும் ஓடி முடிந்தன. நோட்டில் எட்டுக் குறிப்புகள். மூன்றாம் எண்ணுக்கு நான் எழுதியது: "சுத்தம், ஆனால் உயிரில்லை. கடமைக்கு வாசிக்கிறார். இடது கை பலவீனம். 5/10." ஆறாம் எண்ணுக்கு: "நடையில் கம்பீரம். ஒவ்வொரு சுரமும் செதுக்கினாற்போல. இடது கைதான் ஊர்வலத்தையே இழுத்து வருகிறது. 9/10."

"ஆறாவது யாரு?" என்று கேட்டேன்.

"பொகொரெலிச்."

"நெனச்சேன்! மூணாவது?"

அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "அதுவும் அவருதான். அதே ஃபைல். எட்டுல ஒண்ணத் தூக்கிட்டு இத ரெண்டு தடவ வெச்சேன். மூணாவதுக்கு வால்யூம ரெண்டு புள்ளி எறக்கினேன், அவ்வளவுதான். நீங்க எழுதினத நீங்களே படிங்க, நான் ஃபேனப் போடறேன்."

படித்தேன். இடது கை பலவீனம். இடது கைதான் ஊர்வலத்தையே இழுக்கிறது. ஒரே இடது கை.

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு ஒரு சமாதானம் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் ஜாய்ஸ் ஹாட்டோ என்று ஒரு பியானிஸ்ட் இருந்தார். கடைசிக் காலத்தில் அவர் பெயரில் சிடிகள் மலைபோல வெளிவந்தன, விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அவர் 2006-ல் இறந்தார். 2007 தொடக்கத்தில் லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் துண்டுகள் அடங்கிய அவருடைய சிடியை யாரோ கம்ப்யூட்டரில் போட, திரையில் வேறொரு பியானிஸ்டின் பெயர் வந்தது. தோண்டிப் பார்த்தால் எல்லாம் பிறருடைய ஒலிப்பதிவுகள். சிலவற்றின் வேகத்தைச் சற்றுக் கூட்டிக் குறைத்திருந்தார்கள். கணவர்தான் செய்தவர், பிறகு ஒப்புக்கொண்டார். காதே தொழிலாக வைத்திருந்தவர்களே ஏமாந்தார்கள் என்றால் வரிக் கணக்கு எழுதுகிறவனுக்கு என்ன.

ஆனாலும் உறுத்தியது. அடுத்த ஒரு வருடம், வாரத்துக்கு ஒருநாள், இதே வேலையை வேறு விதமாகச் செய்து பார்த்தேன். அதில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் எதிரி வால்யூம். சற்றே உரக்க ஒலிப்பது நம் காதுக்குச் சத்தமாகத் தெரியாது. தெளிவாக, நெருக்கமாக, 'உயிரோடு' இருப்பதாகத் தெரியும். அதனால் அதற்கு மார்க் கூடும். 1940-களின் பதிவு ஒரு அளவில் இருக்கும், 1990-களின் சிடி இன்னொரு அளவில். ஆப்களில் சத்தத்தைச் சமப்படுத்தும் ஒரு செட்டிங் உண்டு, அதைப் போட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு நான் செய்வது: நான் உட்காரும் இடத்தில் போனை வைத்து, சத்தம் அளக்கும் இலவச ஆப் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு பதிவிலும் அதே இடத்தை, கே. 380-இல் அந்தக் கொம்பொலி உச்சத்துக்கு வரும் இடத்தை, ஓடவிட்டு முள் ஒரே அளவைத் தொடும்படி வைத்துக்கொள்கிறேன். துல்லியமான முறை ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றாம் எண், ஆறாம் எண் கூத்து அதற்குப் பிறகு நடக்கவில்லை.

இரண்டாவது எதிரி சுருதி. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சட்டென்று புரியும். இன்றைய பியானோவில் நடு ஏ சுரம் 440 அதிர்வு. பழைய முறையில் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய, கம்பியைக் கொத்தி மீட்டும் கட்டைக் கருவி) வாசிக்கிறவர்கள் பலர் அதை 415-க்கு இறக்கி வைக்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால் ஒரு அரைக் கட்டை கீழே. பியானோ கேட்ட சூட்டோடு இதைக் கேட்டால் சோம்பலாக, மங்கலாகத் தோன்றும். திருப்பிப் போட்டால் பியானோ கீச்சென்று தோன்றும். வாசிப்பவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அதனால் வேறு சுருதியில் இருப்பதற்கு மாறும்போது நடுவே ஒரு தண்ணீர் குடிக்கும் நேரமாவது விடுகிறேன்.

மூன்றாவது, கண். ஹொரோவிட்ஸ் 1986 ஏப்ரலில், எண்பத்திரண்டு வயதில், அறுபத்தொரு வருடம் கழித்து ரஷ்யாவுக்குப் போய் மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கில் வாசித்தார். அந்தக் கச்சேரியை ஸ்கார்லாட்டியோடுதான் தொடங்கினார். அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. தட்டையாக நீட்டிய அந்த விரல்கள், அரங்கத்து முகங்கள், பிறகு அவர் ஷூமானின் துண்டை வாசிக்கும்போது பார்வையாளர் வரிசையில் கன்னத்தில் கண்ணீர் வழிய உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர். இதையெல்லாம் பார்த்த பிறகு அவருடைய கே. 380-க்கு நான் எட்டுக்குக் கீழே மார்க் போடுவேனா? பியானோ போட்டிகளின் சத்தமில்லாத வீடியோவை மட்டும் பார்த்தவர்கள், ஒலியை மட்டும் கேட்டவர்களைவிடச் சரியாக வெற்றியாளரைச் சொன்னார்கள் என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. படித்தபோது சிரித்தேன். பிறகு என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், சிரிப்பு நின்றது.

ஹொரோவிட்ஸ் விஷயத்தில் இன்னொரு அசட்டுத்தனமும் செய்திருக்கிறேன். அந்த மாஸ்கோ கச்சேரியில் பி மைனர் கே. 87-க்குப் பிறகு கே. 380, அதன் பின்னால் கே. 135 என்று வரும். பின்னால் உள்ள இரண்டும் இ மேஜர். என்னிடம் இருந்த கோப்பில் அந்த இரண்டின் பெயரும் இடம் மாறியிருந்தன. "ஹொரோவிட்ஸ் ஏன் இதை இப்படித் துள்ளவிடுகிறார்?" என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். கே. 135 துள்ளத்தான் வேண்டும், அது வேகமான சொனாட்டா. தொடக்கத்தை நான் கேட்காமல், நடுவிலிருந்து துணுக்கு வெட்டியதால் வந்த வினை.

ஸ்கார்லாட்டியில் எண் சமாச்சாரம் பெரிய தலைவலி. இந்த 'கே' மொஸார்ட்டின் 'கே' கிடையாது. ரால்ஃப் கர்க்பாட்ரிக் என்ற ஹார்ப்சிகார்ட் கலைஞர் 1953-ல் போட்ட பட்டியலின் எண். அதற்கு முன் அலெஸ்ஸாந்த்ரோ லோங்கோ என்ற இத்தாலியரின் பதிப்பு புழக்கத்தில் இருந்தது, அதன் எண் 'எல்'. கே. 380-தான் எல். 23. பழைய ரெக்கார்டுகளில் எல் எண் மட்டுமே இருக்கும். "ஸ்கார்லாட்டி சொனாட்டா இ மேஜர்" என்று தேடினால் ஒரு கூட்டமே வந்து நிற்கும். இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். எண்ணை நம்பாமல் முதல் பத்து விநாடியை நோட்ஸோடு ஒத்துப் பாருங்கள்.

லோங்கோவைப் பற்றி இன்னும் ஒன்று. மனிதர் நல்லவர், ஸ்கார்லாட்டியை மொத்தமாக அச்சில் கொண்டுவந்த புண்ணியம் அவருக்கு உண்டு. ஆனால் அவர் காலத்து ருசிக்குக் கரடுமுரடாகப் பட்ட இடங்களைத் 'திருத்திவிட்டார்'. உரக்க, மெதுவாக என்று தன் குறிப்புகளையும் சேர்த்தார். அதனால் ஒரு பழைய பதிவில் ஒருவர் வழவழப்பாக ஒரு இடத்தைக் கடந்தால், அது அவருடைய சுபாவமா, அவர் கையில் இருந்த புத்தகமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

புத்தகம் எவ்வளவு ஏமாற்றும் என்பதை நான் பாஹின் சி மேஜர் பிரிலூடில்தான் கண்டேன். 1722-ல் வந்த 'வெல்-டெம்பர்ட்' என்ற அவருடைய தொகுப்பின் முதல் தொகுதியில் முதல் துண்டு, எல்லோரும் வாசிப்பது. மிஸ் வீட்டில் அட்டை பிய்ந்த பழைய புத்தகம் ஒன்று இருக்கிறது, அதில்தான் படித்தேன். பிறகு எட்வின் ஃபிஷர் கேட்கிறேன், அவர் அந்தத் தொகுதிகளை முழுதாக முதன்முதலில் பதிவு செய்தவர், 1930-களில். ரிக்டர் கேட்கிறேன். குளென் கூல்ட் கேட்கிறேன். யாரைக் கேட்டாலும் இருபத்திரண்டாவது 'பார்', அதாவது தாளக் கட்டம், முடிந்த பிறகு எனக்குக் கால் இடறியது. எல்லோரும் ஒரு பாரை விழுங்குகிறார்கள்! எண்ணிப் பார்த்தேன், என் புத்தகத்தில் 36 பார், அவர்கள் வாசிப்பது 35. விழுங்கியது அவர்கள் இல்லை. ஷ்வென்கே என்ற ஒருவர் பிற்காலத்தில் அந்த இடத்தின் கீழ்ச்சுரம் எஃப் ஷார்ப்பிலிருந்து ஏ ஃபிளாட்டுக்குத் தாவுவதைப் பொறுக்காமல் நடுவே ஒரு பாரைச் செருகிவிட்டார். அது பல பதிப்புகளில் தங்கிவிட்டது. கூனோ என்ற இசையமைப்பாளர் தன் 'ஆவே மரியா' பாட்டை அந்த 36 பார் வடிவத்தின் மேல்தான் கட்டினார். மிஸ்ஸிடம் சொன்னேன். பென்சிலை எடுத்து அந்தப் பாரை அடித்தார். "ஃபார்ட்டி இயர்ஸா தப்பா சொல்லிக் குடுத்திருக்கேன் மேன்" என்று சிரித்தார். அடுத்த வாரம் போனால், ரப்பர் வைத்து அந்தப் பென்சில் கோட்டை அழித்திருந்தார். அவருக்கு அந்தப் பார் பிடித்திருக்கிறது, என்ன செய்வது.

அதே பிரிலூடில் ரிக்டரையும் கூல்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ரிக்டர் 1970-ல் ஸால்ஸ்பர்க்கில் ஒரு மாளிகையில் பதிவு செய்தார். கூடமே பெடல் போட்டதுபோல ஒலி சுற்றிச் சுற்றி வரும். கூல்டோ பல சுரங்களை வெட்டி வெட்டி வைக்கிறார், சுவரே இல்லாத இடத்தில் வாசிப்பதுபோல. வெகுநாள் நான் ரிக்டரை 'ஆழமானவர்' என்றும் கூல்டை 'கிறுக்கர்' என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் ஆழம் என்று நினைத்ததில் ஒரு பங்கு அந்த மாளிகையின் சுவர்களுக்குச் சேர வேண்டியது.

நேரக் கணக்கிலும் பலர் ஏமாறுவதைப் பார்க்கிறேன். "இவர் மூன்று நிமிடத்தில் முடிக்கிறார், அவர் ஆறு நிமிடம், அவர்தான் நிதானம்." இல்லை. ஒருவர் இரண்டு பாதியையும் இருமுறை வாசித்திருப்பார், இன்னொருவர் முதல் பாதியை மட்டும், மற்றொருவர் திருப்பவே இல்லை. பழைய தட்டுக் காலத்தில் பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு நாலு, நாலரை நிமிடம்தான் கொள்ளும். லிபாட்டி 1947-ல் கே. 380-ஐப் பதிவு செய்தது அந்தக் கணக்குக்குள். நான் இப்போது முதல் பாதியின் முதல் ஓட்டத்தை மட்டும் ஸ்டாப்வாட்ச் வைத்து எடுக்கிறேன். அதை வைத்துத்தான் வேகம். அப்படி எடுத்தபோது, வேகமானவர் என்று நான் நினைத்த ஒருவரும், மெதுவானவர் என்று நினைத்த ஒருவரும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுத்திருந்தார்கள். ஒருவர் சுரங்களைக் குறுக்கி வெட்டுகிறார், மற்றவர் ஒட்டி நீட்டுகிறார். வெட்டினால் வேகமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆனால் திருப்பி வாசிப்பதில்தான் ஒருவருடைய குணம் பளிச்சென்று தெரியும். முதல் தடவை சொன்னதையே அச்சடித்ததுபோல இரண்டாம் தடவையும் சொல்பவர் உண்டு. இரண்டாவதை எதிரொலிபோல மெலிதாக்குபவர் உண்டு. ஒரு ட்ரில்லை மாற்றி, இரண்டு சுரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டத்தைச் சேர்ப்பவர் உண்டு. சங்கதி போடுவது என்றால் என்னவென்று அறிந்தவர்களுக்கு இந்த இடத்தில் காது தானாக நிமிரும். நான் இப்போதெல்லாம் முதல் தடவையைச் சும்மா கேட்டுவிட்டு, திரும்பி வருவதற்குத்தான் பேனாவைத் திறக்கிறேன்.

துணுக்கின் நீளம்: இருபது, முப்பது விநாடி போதும். முழுதாக எட்டையும் கேட்டால் எட்டாவது வரும்போது முதலாவது நினைவில் ஒரு நிறம்போலத்தான் இருக்கும். கே. 380-க்கு மூன்று ஜன்னல் வைத்திருக்கிறேன்: தொடக்கத்து எதிரொலிகள், கொம்பொலி முதலில் வரும் இடம், இரண்டாம் பாதியில் அது ஊர் சுற்றிவிட்டு இ மேஜருக்குத் திரும்பும் வாசல். ஒரு ஜன்னலில் எட்டுப் பேரையும் முடித்துவிட்டுத்தான் அடுத்த ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலுக்கும் வரிசையை மாற்ற வேண்டும்.

எழுதும்போது ஒரு விதி: 'கம்பீரம்', 'உயிர்', 'ஆழம்', 'ஆத்மா' ஆகிய நான்கும் தடை. இது மனைவி போட்ட விதி. வேறு என்ன எழுதுவது என்று முதலில் திண்டாடினேன். பிறகு மெல்ல வந்தது. "எண் 2: கொம்பொலி ஒவ்வொரு முறையும் வருவதற்கு முன் இடது கையை ஒரு கணம் தூக்கிவிடுகிறார். அந்த ஓட்டை வழியாகத்தான் தாளம் தெரிகிறது." "எண் 5: ட்ரில்லை மேல் சுரத்தில் தொடங்குகிறார்." ஸ்கார்லாட்டி வாழ்ந்த பரோக் காலத்து வழக்கம் பெரும்பாலும் அதுதான், முந்தைய தலைமுறைப் பியானிஸ்டுகள் பலர் எழுதியிருக்கும் சுரத்திலேயே தொடங்கிவிடுவார்கள். "எண் 7: முடிவுக்கு முந்தின சுரத்தில் காத்திருக்கிறார், முதல் தடவை குறைவாக, இரண்டாம் தடவை கூடுதலாக." இப்படி எழுத ஆரம்பித்த பிறகு மார்க் போடுவது தானாகவே நின்றுபோனது. எதற்கு 9, எதற்கு 5 என்று எனக்கே தெரியவில்லை.

இடது கையை மட்டும் பின்தொடர்வதற்கு ஒரு சின்ன வழி: வலது கையால் பேனாவைப் பிடித்துக்கொண்டு, இடது கை விரல்களால் மேசையில் கீழ்ச்சுரங்களைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். மேலே போகும் மெட்டு காதை இழுத்தாலும் விரல் கீழே கட்டிப் போட்டிருக்கும். என்னைப் பொறுத்தவரை, பியானிஸ்டுகளுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. மேல் மெட்டை அழகாக வாசிக்காத பெரிய பியானிஸ்ட் யார்?

ஹார்ப்சிகார்டா பியானோவா என்ற சண்டைக்கு நான் போவதில்லை. மரியா பார்பரா இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் ஹார்ப்சிகார்டுகளோடு அந்தக் காலத்துப் பியானோக்களும் இருந்தன, அவற்றில் சிலதை ஹார்ப்சிகார்டாக மாற்றியும் வைத்திருந்தார்கள். அரண்மனையிலேயே இரண்டும் புழங்கியிருக்கிறது. ஆனால் பியானோப் பதிவுகளை மட்டும் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஹார்ப்சிகார்ட் கலைஞர் ஸ்காட் ராஸைக் கொஞ்சம் கேளுங்கள். ஸ்கார்லாட்டியின் முந்நூறாவது பிறந்த ஆண்டை ஒட்டி, 1984-85-ல், 555-ஐயும் பதிவு செய்துவிட்டார். 34 சிடி. நான்கு வருடத்தில், முப்பத்தெட்டு வயதில் இறந்தும் போனார். ஹார்ப்சிகார்டில் விரலை அழுத்திச் சத்தத்தைக் கூட்ட முடியாது. விரலால் எதிரொலியை மெலிதாக்கவும் முடியாது. அப்படியிருக்க, அந்தக் கொம்பொலி எப்படி நெருங்கி வருகிறது? சுரத்தை எப்போது விடுகிறார், இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே எவ்வளவு காத்திருக்கிறார் என்பதை வைத்துத்தான். அதைக் கேட்டுவிட்டுப் பியானோவுக்குத் திரும்பினால், சத்தத்தை ஏற்றி இறக்கியே காலம் தள்ளுகிறவர் யார், அது இல்லாமலும் நிற்கக்கூடியவர் யார் என்று தெரிந்துவிடும். என் மனைவிக்கு முதல் நாளிலிருந்தே பிடித்தது ராஸ்தான். "கொலுசு மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு அதைப் புரிந்துகொள்ள எட்டு மாதம் ஆனது.

வாசிக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கருவியையும் கணக்கில் எடுங்கள். டி மைனர் கே. 141-ஐப் பியானிஸ்ட் மார்த்தா ஆர்கெரிச் வாசிப்பதைக் கேட்டுவிட்டு யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? ஒரே சுரத்தை மெஷின்போலத் தட்டிக்கொண்டே போகும் சொனாட்டா, கிட்டார் சாயலில். நானும் முயன்றேன். பாதி சுரங்கள் எழும்பவே இல்லை. தப்பு முழுக்க என் விரல் மேல் என்று இரண்டு வாரம் வருந்தினேன். கட்டை முழுதாக மேலே வராமலேயே அடுத்த அடியை வாங்கிக்கொள்ளும் இயக்கம் ஒன்று உண்டு, எரார் என்ற பியானோ நிறுவனம் 1821-ல் காப்புரிமை எடுத்தது. கிராண்ட் பியானோவில் அது இருக்கும், மிஸ் வீட்டு நிமிர்ந்த பியானோவில் அது கிடையாது. என் வீட்டு டிஜிட்டல் கீபோர்டும் அந்த வேகத்துக்கு வராது. ஆர்கெரிச்சின் வேகத்தில் ஒரு பங்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

இன்னொன்று, புதுத் துண்டு படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, நோட்ஸ் இல்லாமல் வாசிக்க வரும் வரை, அதன் பதிவு எதையும் நான் இப்போது கேட்பதில்லை. பிறகு கேட்கிறேன், அதுவும் கேள்வியோடு. "இந்த எதிரொலியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று. அப்படிப் போனால் எட்டுப் பேரும் எட்டு விடை சொல்கிறார்கள், எதையும் அப்படியே அள்ளிக்கொண்டு வரத் தோன்றுவதில்லை.

கிறிஸ்டியன் ஸகாரியாஸ் என்ற ஜெர்மன் பியானிஸ்ட் கச்சேரி முடிந்த பின் கூடுதல் துண்டாக ஜி மேஜர் கே. 55-ஐ வாசிப்பது வழக்கமாக இருந்தது. வெவ்வேறு ஊர்களில் வாசித்த அந்த ஒரே சொனாட்டாவை இருபது தடவை வரிசையாக அடுக்கி ஒரு சிடி வந்திருக்கிறது. ஒரே மனிதர், ஒரே சொனாட்டா, இருபது விதம். அதைக் கேட்ட பிறகு, "லிபாட்டி இதை இப்படித்தான் வாசிப்பார்" என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 1947-ல் ஒரு நாள் அப்படி வாசித்தார். முப்பத்து மூன்று வயதில் போய்விட்ட அந்த மனிதர் அடுத்த வாரம் எப்படி வாசித்திருப்பாரோ.

போன மாதம் மிஸ்ஸிடம் கே. 380-ஐ மறுபடி வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றவில்லை. கொம்பொலி இடத்தில் மட்டும், "அங்க கொஞ்சம் இரு மேன், ஓடாத" என்றார். எந்தப் பியானிஸ்ட் அந்த இடத்தில் இருக்கிறார் என்று தேட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ராத்திரி பத்தரை மணிக்கு, எண் 2 யாரென்று பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

இப்போது கே. 87 ஓடுகிறது. நான்கு குரல்கள் ஒன்றோடொன்று பின்னிப் போகும் மெதுவான சொனாட்டா, ஹொரோவிட்ஸ் மாஸ்கோவில் முதலில் வாசித்தது. நாலு பதிவுகளைத் தேர்ந்து வைத்திருக்கிறேன். மனைவி சம்மதித்துவிட்டாள், ஒரே நிபந்தனை: மே மாதத்தில் முடியாது, ஜூனில் மழை வந்தால் ஃபேனை நிறுத்தலாம்.